குவியத் திரையும் தூசியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மரக் கேமராக்களில் பிம்பத்தைக் கூர்மைப்படுத்திப் பார்ப்பதற்கென ஒருபுறம் சொரசொரப்பாக்கப்பட்ட கண்ணாடி, அதாவது குவியத் திரை, பின்பக்கத்தில் பொருத்தப்பட்டிருந்தமையால், அதில் படிந்த தூசியைச் சோப்புநீரில் கழுவிப் போக்குவது எளிதாயிருந்தது. 1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான கினே எக்சாக்டா போன்ற 35 மி.மீ. கேமராக்களில் இத்திரை, லென்ஸின் ஒளியை மேல்நோக்கித் திருப்பும் சாய்ந்த ஆடிக்கு மேலே குடியேறியது. படமெடுக்கும் கணத்தில் ஆடி மேலெழுந்து ஒளிக்கு ஃபிலிமை நோக்கி வழிவிடுவதால், திரையிலுள்ள தூசி படத்தில் ஒருபோதும் பதிவதில்லை. உறுத்தல் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே. எனினும் அதைத் துடைக்கும் ஆவல் தணியவில்லை. 1959இல் வெளிவந்த நிக்கான் எஃப் திரையைக் கழற்றி மாற்ற வழிசெய்தது. பின்னர் ஒலிம்பஸ் ஓஎம் வரிசையில் லென்ஸ் பொருத்தும் வாய் வழியாகவே அது சாத்தியமாயிற்று. ஆனால், பிம்பத்தின் ஓரங்களையும் வெளிச்சமாக்கும் நுண்வட்ட வரிப்பள்ளங்கள் கொண்ட ஃபிரெனெல் லென்ஸ் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டுத் திரையோடு இணைந்தபின், பழைய துணியும் கரைப்பான்களும் தூசியைவிடப் பெரிய கேடாயின. ரப்பர் ஊதியால் காற்றடிப்பதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. கீறல் விழுந்த திரைக்கு மாற்றுத் திரையைத் தவிர வேறு தீர்வில்லை.