மியூனிக் நகரின் எழுதுமேசைகள்

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் பெயரோடு தொடங்கி, அவை சந்தைக்கு வந்த ஆண்டோடு முடித்துக்கொள்வர். சந்தைக்கு வந்த கருவி ஓர் அலுவலகத்தின் மேசையைச் சென்றடைந்து, அங்கிருக்கும் இலிகிதரின் கைக்குப் பழகி, அவருடைய நாளாந்த வேலையோடு ஒன்றாகும்வரை நிகழ்வன யாவும் வரலாற்றுக்குப் புறம்பானவை என்பது அவர்கள் எண்ணம் போலும். கணினியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முற்றிலும் பிழையானது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கியவர் யாவர் என்பதை இன்று உயர்தர வகுப்பு மாணவனும் அறிவான். ஆனால், அதனை ஒரு பெருநகரத்தின் பதினையாயிரம் மேசைகளில் அன்றாட வேலைக்கென நிறுவ முற்பட்டோர் பட்ட பாடு என்ன, அவ்வேலை எவ்வாறு நிறைவேறிற்று, நிறைவேறியது பின்னர் ஏன் கலைக்கப்பட்டது என்பவற்றை அறிந்தோர் எம்மிடையே மிகச் சிலரே. ஜேர்மனியின் மியூனிக் நகரத்துக் கதை அது.

முன்கதையைச் சுருங்கக் கூறிவிடலாம். எவரும் உபயோகிக்கவும் ஆராயவும் மாற்றியமைக்கவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள் தொகுதியொன்றை ஆக்கப்போவதாக 1983 இல் அமெரிக்காவில் ரிச்சார்ட் ஸ்டோல்மன் அறிவித்தார். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், அத்தொகுதிக்கு அதுவரை இல்லாதிருந்த உட்கருவாக அமைந்தது. பத்தாண்டுகளுக்குள் இணையத்தின் சேவையகங்களில் அது உறுதியாக இடம்பிடித்துக்கொண்டது. சேவையகத்தை இயக்குபவர் துறை வல்லுநர். கறுப்புத் திரையிலே கட்டளைகளைத் தட்டெழுதுவது அவருக்குச் சிரமமன்று. கடிதம் வரைபவர், வரிக்கணக்குப் பார்ப்பவர், பிறப்பினை இடாப்பிலேற்றுபவர் ஆகியோரின் நிலை வேறு. இக்குறையை வெளிப்படையாக எடுத்துக்கூறி, 1996 இல் ஜேர்மனியின் ரியூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக் என்பார், சாதாரண உபயோகிப்பாளருக்கான திரைமுகப்பொன்றை ஆக்கும் கே.டி.ஈ. திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதே நோக்குடன் க்னோம் திட்டம் பிறந்தது. ஜேர்மனியிலே தோன்றிய ஸ்டார் ஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருளை 1999 இல் வாங்கிய சன் நிறுவனம், 2000 ஆம் ஆண்டில் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. ஓபன் ஒபிஸ் அவ்வாறு வந்ததே. இவ்வாறாக, புதிய நூற்றாண்டு பிறந்தபோது மேசைக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் ஏறக்குறையத் தயாராயிருந்தன. அவற்றைப் பொருத்தி, உழைக்கும் மனிதரின் முன் வைப்பார் யார் என்பதே கேள்வி.

மியூனிக் மாநகர சபையின் ஏறத்தாழ 14,000 கணினிகளும் அக்காலத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்.டி. 4 இலேயே இயங்கின. அதற்கான ஆதரவினை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. இவ்விடத்தில் வாசகர் சிறிது நிதானித்து நோக்குதல் வேண்டும். கணினிகள் பழுதடையவில்லை, உத்தியோகத்தர்கள் குறை கூறவில்லை, வேலை தடைப்படவில்லை. வேறொரு நாட்டிலுள்ள உரிமையாளர் 'இனிப் பேணமாட்டேன்' என்று கூறிய ஒரு சொல்லினாலேயே ஒரு நகர நிர்வாகத்தின் கருவிகள் அனைத்தும் ஒரேயடியாய்ப் பழையனவாயின! காசு கொடுத்து வாங்கிய பொருளின்மீது வாங்கியவருக்கு உள்ள ஆட்சி எத்துணை அற்பமானது என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டல் அரிது.

சபை மாற்றுவழிகளை ஆராயத் தொடங்கியது. செய்தி பரவியதும் 2003 இல் மைக்ரோசொப்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் போல்மர், சுவிற்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தவர், அதனை இடைநிறுத்திவிட்டு மேயர் கிறிஸ்டியன் ஊடேயை நேரிற் காண வந்தார். விலையும் கணிசமாகக் குறைக்கப்பட்டது. பதினாலாயிரம் கணினிகளின் வருமானம் அந்நிறுவனத்துக்குப் பெரிதன்று. பிற நகரங்களும் பின்பற்றிவிடுமே என்பதே அச்சம். விலை குறைக்கப்பட்ட பின்னரும் 2003 மே 28 ஆம் திகதி சபை லினக்ஸின் பக்கமே தீர்மானித்தது.

இத்தீர்மானத்தைப் பற்றி எம்மவரிடையே நிலவும் ஒரு தவறான கருத்தை இங்கு திருத்த வேண்டும். 'லினக்ஸ் இலவசம், ஆகவே சிக்கனம் கருதி மாறினார்கள்' என்பர். உண்மை அதுவன்று. பயிற்சி, ஆவண மாற்றம், துறைசார் மென்பொருள்களைத் திருத்தியமைத்தல் ஆகியவற்றைக் கணக்கிட்டால், ஆரம்பத்தில் லினக்ஸ் மலிவான வழியாக இருக்கவில்லை. ஒரே விற்பனையாளரில் தங்கியிராத சுயாதீனமே சபை நாடியது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால், இவ்வியக்கத்தார் தம் கொள்கையை விளக்க நாற்பது ஆண்டுகளாகத் தொண்டை வற்றப் பேசி வருகின்றனர். தமிழிலே இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் இருந்தும் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்வது வியப்பானதே.

2004 ஜூனில் திட்டத்துக்கு இறுதி அங்கீகாரம் கிடைத்தது. லிமக்ஸ் என்று பெயரிட்டனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஐரோப்பாவிலே மென்பொருளுக்குக் காப்புரிமை வழங்கும் பிரேரணை சட்டமானால் என்ன நேரும் என்ற ஐயத்தினால் வேலை சிறிது காலம் தடைப்பட்டு, சட்ட ஆலோசனையின் பின் மீண்டும் தொடர்ந்தது. 2005 இல், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாது தொண்டர் சமூகமொன்றினாற் பேணப்படும் டெபியன் என்னும் வெளியீட்டினை அடிப்படையாகக் கொள்ளத் தீர்மானித்தனர். பிற்காலத்தில் டெபியனின் வழிவந்த உபுண்டுவுக்கு மாறினர். திரைமுகப்பு கே.டி.ஈ.

இனி, வேலை எவ்வாறு நடந்தது என்பதைக் காண்போம். கணினியொன்றில் லினக்ஸை நிறுவுதல் அரை நாள் வேலைகூட அன்று. எமது பாடசாலை மாணவர் சிலர் ஒரு பிற்பகலில் அதனைச் செய்து காட்டியுள்ளனர். ஆயின் மியூனிக் நகருக்குப் பத்தாண்டு பிடித்தது. ஏன்?

ஓர் அலுவலகக் கணினியில் உண்மையில் இருப்பது பணிசெயல் முறைமை அன்று, அவ்வலுவலகத்தின் பழக்கங்கள். நகரின் பல்வேறு துறைகளிலும் ஆண்டுக்கணக்காக ஆயிரமாயிரம் மாதிரிப்படிவங்களும் அவற்றோடு பிணைந்த சிறு நிரல்களும் குவிந்து கிடந்தன. கடிதத் தலைப்பு ஒன்று, அனுமதிப்பத்திரப் படிவம் ஒன்று, அபராத அறிவித்தல் ஒன்று என ஒவ்வொரு பகுதியும் தன் தேவைக்கேற்பத் தானே ஆக்கிக்கொண்டவை அவை. பலவற்றை ஆக்கியவர் எவரென்பதுதானும் தெரியாது. யாவும் மைக்ரோசொப்டின் எழுத்து மென்பொருளுக்குள்ளேயே உயிர்வாழக் கூடியவை. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, இது தேவையா, தேவையெனின் எவருக்கு, இதே படிவம் வேறு துறையில் வேறு பெயரில் உள்ளதா என்று ஆராய்ந்து, வேண்டியவற்றை மீள ஆக்குதல் வேண்டியிருந்தது. இதற்கெனச் சபையின் நிரலாளர்களே வோல்மக்ஸ் என்னும் மென்பொருளை எழுதினர். முட்டையிட்டு, கம்பளி தந்து, பாலும் கொடுத்து, இறைச்சிக்கும் உதவும் கற்பனைப் பன்றியொன்று ஜேர்மானியரின் பேச்சுவழக்கில் உண்டு. அதனை நினைத்தே இப்பெயரை இட்டனர். உத்தியோகத்தரின் பெயர், பதவி, அறை, தொலைபேசி ஆகியவற்றைத் தானே கடிதத்தில் இட்டு, படிவங்களை ஓரிடத்திலிருந்து எல்லா மேசைகளுக்கும் வழங்கியது அது. 2008 இல் அதனையும் சுதந்திர மென்பொருளாகவே வெளியிட்டு, பிற நகரங்களும் எடுத்தாள வழிசெய்தனர்.

இச்சிக்கலை விளங்கிக்கொள்ள நாம் ஜேர்மனிக்குச் செல்ல வேண்டியதில்லை. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருவொன்றில் நாம் இரவிரவாகத் தட்டெழுதிய வினாத்தாள், அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் பொருளற்ற உரோம எழுத்துக் கூட்டமாகக் காட்சியளித்ததை அனுபவியாத தமிழாசிரியர் ஈழத்தில் உளரா? எழுதியவர் நாம், எழுத்து எமது மொழியினது, எனினும் அதனை வாசிக்கும் திறவுகோல் பிறிதோரிடத்தில் இருந்தது. மியூனிக் நகரத்தார் திறந்த ஆவண வடிவத்தைத் தம் நியமமாக வரித்துக்கொண்டமைக்கு இதுவே காரணம். 2006 இல் அவ்வடிவம் சர்வதேச நியமமாயிற்று.

வேலை ஒழுங்கிலும் அவர்கள் காட்டிய விவேகம் கவனிக்கத்தக்கது. உத்தியோகத்தருக்குப் பழகிய விண்டோஸை உடனே அகற்றவில்லை. அதன்மீதே முதலில் ஓபன் ஒபிஸையும் சுதந்திர மென்பொருளான இணைய உலாவியையும் அஞ்சல் மென்பொருளையும் நிறுவினர். கடிதமும் கணக்கும் அவற்றிலே பழகிய பின்னர், அடியிலுள்ள முறைமை மாறியபோது, மேசையில் இருந்தவருக்குத் தெரிந்த முகங்களே மீண்டும் எதிர்ப்பட்டன. நூற்றுக்கணக்கான கணினிகளை ஒவ்வொன்றாய்க் கையால் அமைக்காது, வலையமைப்பினூடே தானாக நிறுவும் ஏற்பாட்டையும் செய்தனர். விண்டோஸில் மட்டுமே இயங்கிய துறைசார் மென்பொருள்களுக்காகச் சில கணினிகளை அப்படியே விட்டுவைத்தனர். எல்லாவற்றையும் மாற்றியே தீருவோம் என்று அடம்பிடிக்கவில்லை.

ஆயினும் வேலை தாமதப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட கணினிப் பிரிவுகள் நகர நிர்வாகத்தினுள் தனித்தனி இராச்சியங்களாக இயங்கின. ஒன்றின் ஒழுங்கு மற்றொன்றில் இல்லை. லினக்ஸ் கொண்டுவந்த சிக்கலல்ல இது. லினக்ஸ் வந்தமையால் வெளிச்சத்துக்கு வந்தது. எனினும் பத்திரிகைகளின் பழி முழுவதும் லினக்ஸின் தலையிலேயே விழுந்தது. 2013 இறுதியில் திட்டம் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 15,500 கணினிகளில் 14,800 வரையில் லிமக்ஸ் இயங்கியது. குறிக்கோளாக முன்னர் வைத்திருந்தது 12,000 மட்டுமே. அதே ஆண்டில், விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு முடிவுறவிருந்தமையால், பழைய கணினியை வீசிவிடாதிருக்கும் பொருட்டு இலகுவான லினக்ஸ் வெளியீடொன்றின் இறுவட்டுகளை நகர நூலகங்களின் மூலம் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கினர். பத்து மில்லியன் யூரோவுக்கு மேல் மீதமாயிற்று என 2012 இல் சபை கணக்குக் காட்டியது; மைக்ரோசொப்ட் செய்வித்த ஆய்வொன்று மாறாகக் கூறியது; சபை அதனை மறுத்தது. இத்தகைய கணக்குகளைச் செய்வித்தவர் யார் என்று முதலில் பார்ப்பது எமது வழக்கம்.

2014 இல் ஊடே ஓய்வுபெற, அதே சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த டீட்டர் ரைட்டர் மேயரானார். காற்று மாறியது. கைத்தொலைபேசிக்கு அஞ்சல் வந்து சேரத் தாமதம் போன்ற, மேசைக் கணினியோடு தொடர்பற்ற குறைகளும் லிமக்ஸின் குற்றப்பத்திரிகையில் ஏறின. மைக்ரோசொப்ட் தனது ஜேர்மன் தலைமையகத்தை 2016 இல் நகர எல்லைக்குள்ளே கொண்டுவந்தது. அவ்விடமாற்றம் 2013 இல் அறிவிக்கப்பட்டபோது நகரின் பொருளாதாரத் துறைக்குப் பொறுப்பாயிருந்தவர் ரைட்டரே. இரண்டையும் முடிச்சுப்போட்டு 'சதி' என்று எழுதுவது சுலபம். நாம் அவ்வாறு எழுதப்போவதில்லை. ஏனெனில், அது சுதந்திர மென்பொருளின் ஆதரவாளர்கள் தம் பக்கத்துக் குறைகளைப் பாராதிருக்கச் செய்யும் போர்வையாகிவிடும். வெளியிலிருந்து வந்த ஆவணங்கள் லிமக்ஸ் கணினியில் உருக்குலைந்து தோன்றியமை உண்மை. நிறுவிய மென்பொருள்கள் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படாது பழமைப்பட்டமையும் உண்மை. நாள் முழுதும் அதன்முன் அமர்ந்து மக்களுக்குப் பதில் கூறவேண்டிய உத்தியோகத்தரின் சலிப்பைக் 'கணினி அறியாமை' என்று ஒதுக்கியோரும் இருந்தனர். உழைப்பவரின் குறையைக் கேளாத முற்போக்கு எத்தகைய முற்போக்கு?

சபை அமர்த்திய ஆலோசகர்கள் 2016 இல் அளித்த அறிக்கையே, பிரதான குறைபாடு நிர்வாக அமைப்பில் உள்ளதென்று கண்டது. எனினும் 2017 நவம்பரில், மேசைகள் அனைத்தையும் 2020 அளவில் விண்டோஸ் 10 இற்கு மீண்டும் மாற்றுவதெனச் சபை வாக்களித்தது. அதற்கு மதிப்பிடப்பட்ட செலவு ஏறத்தாழ 5 கோடி யூரோ. பத்தாண்டு உழைப்பில் ஆக்கிய படிவங்களை மறுபடியும் மறுபக்கத்துக்கு மாற்றும் வேலை தொடங்கியது. அந்த விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபரில் முடிவுற்றது.

2020 இல் நகரில் அமைந்த பசுமைக் கட்சி – சமூக ஜனநாயகக் கூட்டணி, பொதுப்பணத்தில் ஆக்கப்படும் மென்பொருளின் நிரல் இயன்றவரை பொதுவுடைமையாதல் வேண்டும் என்னும் கொள்கையைத் தன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது. லிமக்ஸ் மீண்டு வரவில்லை. ஆனால் நாட்டின் வடகோடியிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் அமைச்சரவை, ஏறத்தாழ 30,000 கணினிகளை மாற்றுவதென 2024 ஏப்ரலில் அறிவித்தது. ஓபன் ஒபிஸின் வழித்தோன்றலான லிப்ரே ஒபிஸை முதலில் விண்டோஸின் மீதே பழக்கி, அதன்பின்னரே லினக்ஸுக்குச் செல்வதென அவர்கள் வேலையை ஒழுங்குபடுத்தியிருந்தனர்.