மலைநாட்டில் ஒரு மாலுமி

புசல்லாவையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் கம்பளையைக் கடந்து மகாவலிப் பள்ளத்தாக்கின் வழியே வளாகத்தை வந்தடைவர். வளாகத்துக்கு அண்மையில், அவ்வாறு மூன்று புறமும் வளைந்து சூழ்ந்த நிலத்தில், 1821ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தாவரவியற் பூங்கா அமைந்துள்ளது. ஓக்கிட் மலர்களையும் அரசபனை வரிசைகளையும் காணச் செல்வோருட் பலர், இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் இம்மரங்களிடையே ஒரு பெரும் போர்த் தலைமையகம் இயங்கியது என்பதை அறியார். பர்மாவிலும் மலாயாவிலும் யப்பானியரை எதிர்க்க அமைக்கப்பட்ட தென்கிழக்காசிய நேசநாட்டுக் கட்டளைப் பீடம் 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து இங்கு இடம்பெயர்ந்தது. அதன் தலைவர் லூயிஸ் மவுண்ட்பேட்டன் பிரபு. இளம் வயதிலேயே கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்து, கடற்பணியையே வாழ்வாகக் கொண்டவர்.

மவுண்ட்பேட்டன் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது இந்தியப் பிரிவினையே. அதனைப் பற்றிய நூல்கள் பலவுள. அவரது வாழ்க்கையை வேறொரு கோணத்தில் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. ஒருவர் ஆற்றிய பணியை நோக்காது, அவர் பிறந்த குலத்தையும் நாட்டையும் நோக்கித் தீர்ப்பளிக்கும் வழக்கம் அவ்வாழ்க்கையின் தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கின்றது. மலையகத்தாருக்கு அவ்வழக்கம் புதியதன்று.

அவருடைய தந்தை பட்டன்பேர்க் இளவரசர் லூயிஸ், ஜேர்மானிய இளவரசர் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1868இல், தமது பதினான்காம் வயதில், பிரித்தானியப் பிரசையாகிக் கடற்படையிற் சேர்ந்தார். 1912இல் அப்படையின் மிக உயர்ந்த பதவியாகிய முதற் கடற்பிரபுப் பதவியை எய்தினார். 1914 ஜூலையில் ஒத்திகைக்காகத் திரட்டப்பட்ட கப்பல்கள் கலைந்து போகாவண்ணம் நிறுத்தி வைத்து, போர் மூண்டபொழுது கடற்படை ஆயத்தமாயிருக்கச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஆயினும் போர் தொடங்கியதும் அவரது பிறப்பே குற்றமாயிற்று. பத்திரிகைகள் ஐயங்கிளப்பின. முகவரியற்ற கடிதங்கள் வந்து குவிந்தன. கடற்போரில் நேர்ந்த இழப்புகளும் அந்த ஐயத்துக்கு எண்ணெய் வார்த்தன.

அந்நாட்களிலேதான் எம்டன் என்னும் ஜேர்மானியக் கப்பல் இந்து சமுத்திரத்தைக் கலக்கிக்கொண்டிருந்தது. 1914 செப்டெம்பர் 22இல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டு வீசி எரித்த அக்கப்பல், இலங்கைக் கடலிலும் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஒக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்தினுட் புகுந்து தாக்கியது. வல்லவனையும் சூழ்ச்சிக்காரனையும் ‘எம்டன்’ என்று சுட்டும் வழக்கு தமிழில் இன்றும் உண்டு. பினாங்கு தாக்கப்பட்ட அதே வாரத்தில் லண்டனில் இளவரசர் லூயிஸ் பதவி துறக்க நேர்ந்தது. நாற்பத்தாறு ஆண்டுச் சேவை அவரைக் காக்கவில்லை.

செய்தி எட்டியபொழுது மகன் ஒஸ்போண் கடற்படைக் கல்லூரியில் மாணவனாயிருந்தான். அச்சிறுவன் கொடிக்கம்பத்தின் முன் தனியே நின்று கண்ணீர் சிந்தினான் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் எழுதுவர். கதை உண்மையோ, பின்னர்ச் சோடிக்கப்பட்டதோ, அவனது வாழ்க்கையின் போக்குக்கு அது பொருந்தி நிற்கின்றது. 1917இல் ஜேர்மானியப் பெயர்களை அரச குடும்பம் கைவிட்டபொழுது பட்டன்பேர்க் என்பது மவுண்ட்பேட்டன் ஆயிற்று. ‘பேர்க்’ என்பதும் மலை, ‘மவுண்ட்’ என்பதும் மலை. பெயரில் மலையைச் சுமந்தவர் பின்னர் மலைநாட்டிற்கே வந்து சேர்ந்தது ஒரு வேடிக்கை.

1939இல் கெலி என்னும் நாசகாரிக் கப்பலின் தலைவரானார். 1940 மேயில் தாக்குண்டு மூழ்கும் நிலையிலிருந்த அதனைப் பெரும்பாடுபட்டுக் கரைசேர்த்தார். 1941 மே 23இல் கிரீட் தீவருகே விமானக் குண்டுகளுக்கு இலக்காகி அது கவிழ்ந்தது. மாலுமிகளுட் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பலின் அடியிலிருந்து நீந்தி வெளிவந்து அவர் உயிர் தப்பினார். துணிவில் அவர் குறைந்தவரல்லர். நிதானத்திலே குறைந்தவர் என்று உடன் பணியாற்றியோரே கருதினர். 1942 ஓகஸ்டில் அவர் பொறுப்பிலிருந்த கூட்டு நடவடிக்கைப் பிரிவு திட்டமிட்ட தியெப் தாக்குதலிற் கரையேறச் சென்ற ஏறக்குறைய 6,000 பேருட் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தோ, காயமுற்றோ, சிறைப்பட்டோ போயினர். அவர்களுட் பெரும்பாலோர் கனேடியர்.

இத்தகையவர் 43ஆம் வயதில், நிரந்தரத் தரத்தில் கப்ரனாகவே இருந்துகொண்டு, பதில் அட்மிரலாகத் தென்கிழக்காசியாவின் உச்சத் தளபதியானார். கண்டியில் ஆள்பதியின் மாளிகையாகிய அரசர் மண்டபத்தில் வசித்து, பேராதனையிற் பணிபுரிந்தார். போர்முனையோ ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருந்தது. தலைமையகத்தில் ஆயிரக்கணக்கானோர் நிறைந்தனர். பிரித்தானியரின் ஆசியக் குடியேற்றங்களைக் காப்பதற்கான பீடமே இது என்று அமெரிக்கப் படையினர் எள்ளினர். அவ்வெள்ளலில் உண்மையில்லை என்று கூறவியலாது.

எனினும் அவர் செய்த ஒரு காரியம் பாராட்டத்தக்கது. 1943இல் அப்போர்முனையிற் காயமுற்று அகற்றப்பட்ட ஒருவனுக்கு நோயுற்று அகற்றப்பட்டோர் 120 பேர் இருந்தனர் எனத் தளபதி சிலிம் எழுதியுள்ளார். மலேரியாவை எதிரியாகவே கருதி மருத்துவ அறிஞர் குழுவொன்றை மவுண்ட்பேட்டன் அமைத்தார். 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயைக் கண்ட நாட்டிலிருந்துகொண்டு அவர் அதனைச் செய்தது குறிப்பிடத்தக்கது.

அப்போரின் சுமையைத் தாங்கியவர்களுள் தோட்டத் தமிழரும் உளர். 1942இல் மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளுக்கு இலங்கை இறப்பரே பெருந்துணையாயிற்று. இலங்கைத் தேயிலையைப் பிரித்தானிய அரசே மொத்தமாக வாங்கியது. மலாயாத் தோட்டத் தமிழரோ பல்லாயிரவராகச் சயாம் மரண இரயிற்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர். வேறு பலர் சுபாஷ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். 1945 செப்டெம்பர் 12இல் சிங்கப்பூரில் யப்பானியரின் சரணாகதியை ஏற்ற மவுண்ட்பேட்டன், அவ்விராணுவத்தின் நினைவுச் சின்னத்தைத் தகர்க்குமாறும் ஆணையிட்டார்.

போர் முடிந்து மூன்றாண்டு செல்லுமுன் பிறப்பு பற்றிய கேள்வி நமது மலைகளிலும் எழுந்தது. புசல்லாவையில் றொத்சைல்ட் என்னும் தோட்டம் உண்டு. ஜேர்மனியின் பிராங்போட் நகரில் தோன்றிய றொத்சைல்ட் குடும்பத்தின் உறவினரான வேம்ஸ் சகோதரர் 1840களில் அதனை அமைத்து, சீனத் தேயிலைக் கன்றுகளையும் அங்கு நட்டனர். அவர்களின் பூர்வீகத்தை எவரும் குறையாகக் கூறவில்லை. அக்காட்டை வெட்டித் திருத்திய கைகளின் வழித்தோன்றல்களிடமோ, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது. எத்தனை ஆண்டு உழைத்தாய் என்று அச்சட்டம் கேட்கவில்லை. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. இளவரசர் லூயிசுக்கு நேர்ந்தது ஒரு பதவியிழப்பு. இவர்களுக்கு நேர்ந்ததோ நாடிழப்பு. இரண்டும் அளவால் ஒப்பிடற்குரியனவல்ல. ஆயினும் இரண்டுக்கும் அடியிலுள்ள நியாயம் ஒன்றே. அந்தப் பறிப்பின் எச்சத்தைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அக்காலத்தில், இந்தியாவின் இறுதி அரசப் பிரதிநிதியாகவும் சுதந்திர இந்தியாவின் முதல் ஆள்பதியாகவும் இருந்துவிட்ட மவுண்ட்பேட்டன், தரத்தில் தாழ்ந்து, மத்தியதரைக்கடலில் ஒரு கப்பற் பிரிவை நடத்தச் சென்றிருந்தார். நாற்பது கோடி மக்களை ஆண்டபின் மீண்டும் ஒருவருக்குக் கீழ்ப்படிந்து கடலோடுவது எல்லோராலும் இயல்வதன்று. நோக்கம் ஒன்றிருந்தது. 1955 ஏப்ரலில் அது கைகூடிற்று. தந்தை இழந்த முதற் கடற்பிரபுப் பதவியில் மகன் அமர்ந்தார். அதன்பின் பாதுகாப்புப் படைகளின் தலைமை அதிகாரியாகவும் இருந்து 1965இல் ஓய்வு பெற்றார்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் முல்லாமோர் என்னும் மீனவர் துறையருகே அவருக்கு ஒரு மாளிகை இருந்தது. ஆண்டுதோறும் கோடையில் அங்கு செல்வார். 1979 ஓகஸ்ட் 27இல் குடும்பத்தினருடன் சிறு படகொன்றில் நண்டுக்கூடுகளைப் பார்க்கச் சென்றபொழுது, ஐரிஷ் குடியரசு இராணுவத்தினர் மறைத்து வைத்த குண்டு வெடித்தது. கிரீட்டில் தப்பியவர் அமைதியான குடாவொன்றில், கரைக்கு அண்மையில் இறந்தார். வயது 79. அவருடைய பேரன் ஒருவனும், படகிற் பணிபுரிந்த பதினைந்து வயதுச் சிறுவனும் உடன் இறந்தனர். மகளின் மாமியார் மறுநாள் உயிர் துறந்தார். அதே நாளில் வாரன்பொயின்றில் 18 பிரித்தானியப் படையினர் கொல்லப்பட்டனர். அயர்லாந்தின் துயருக்கு வரலாறு உண்டு. அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் பதவி ஏதுமற்ற முதியவர் ஒருவர் இலக்கானது அரச குலத்தவர் என்பதாலேயே. படகுச் சிறுவனுக்கோ அந்தக் குலமும் இல்லை.

செப்டெம்பர் 5இல் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நிகழ்ந்தது. உடல் றொம்சி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. குண்டு வைத்தமைக்காக ஆயுட்சிறை பெற்றவர், சமாதான உடன்படிக்கையின்படி 1998இல் விடுதலையானார். 2015 மேயில், அன்று இளவரசராயிருந்த சாள்ஸ் முல்லாமோருக்குச் சென்று, தம் பெரியபாட்டனார் இறந்த அக்குடாவைப் பார்த்து நின்றார்.