உள்ளூர் விடுமுறையும் மாணவர் தொண்டும்

உள்ளூர் விடுமுறை என்பது, திருவாரூர் ஆழித்தேரோட்டம், தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் ஐப்பசிச் சதயத்தன்று நிகழும் இராசராசன் விழா, குடந்தையில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் மகாமகம் ஆகிய வைபவங்களில் ஊரார் பங்குகொள்ளும் பொருட்டு, மாவட்ட ஆட்சியர் தம் ஆணையால் பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வழங்கும் ஓய்வு நாளாகும். 1881-ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் அமையாமையால் இது வங்கிகளைக் கட்டுப்படுத்தாது. கருவூலங்களும் அவசர அலுவல்களுக்காகக் குறைந்த சிப்பந்திகளோடு இயங்கும். இழந்த பாடவேளையை ஈடுசெய்ய, பெரும்பாலும் பின்வரும் ஒரு சனிக்கிழமை வேலை நாளாக அறிவிக்கப்படும்.

ஊர் முழுவதும் பெறும் இவ்வோய்வினின்று வேறானது, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படையினர், சாரணர், 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தினர் ஆகியோர்க்கு, அணிவகுப்பு, முகாம், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தல் முதலிய கைங்கரியங்களின் நிமித்தம் கல்வி நிலையங்கள் அளிக்கும் ‘ஆன் டூட்டி’ சலுகை. வகுப்பில் இல்லாதிருந்தும் பணியில் இருந்தமையால் வருகையாகவே கொள்ளும் இம்முறை முற்றிலும் நியாயமானது. 1992 மகாமகத்தில் நெரிசலால் பலர் உயிரிழந்த துயரத்தை அறிந்தோர், கூட்டத்திற்கு வழிகாட்டி நிற்கும் ஒரு மாணாக்கனின் சேவையை ஒரு நாட்பாடத்திற்குக் குறைந்ததெனக் கருதார். அவன் தவறவிட்ட பாடத்தை மீளக் கற்பிக்கும் பொறுப்பை ஆசிரியர்கள் மனமுவந்து ஏற்றல் வேண்டும்.