அரேகா பாம்: ஊர் ஒன்று, பேர் ஒன்று

ரோஜாச் செடி வாங்க நர்சரிக்குப் போய், தோகை விரித்து நிற்கும் ஒரு பாம் செடியைக் கண்டு மயங்கி, அதைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று நினைக்கிறேன். பேர் கேட்டால் "அரேகா பாம்" என்பார்கள். (வெடிக்கிற பாம் இல்லை மக்களே!) அந்தப் பேரைத் தோண்டினால் ஐந்நூறு வருஷச் சரித்திரம் வருகிறது.

முதலில் அடையாளம். அடியிலிருந்தே மூங்கில் புதர் மாதிரி பல தண்டுகள், மஞ்சள் பாய்ந்த மட்டைக் காம்பு, வளைந்து தொங்கும் ஓலை. காம்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால் நோய் என்று பதற வேண்டாம், அது இதன் இயல்பு. நம்ம ஊர்ப் பாக்கு மரமோ ஒற்றைத் தண்டாக நெட்டென்று வளரும். அதுதான் நிஜமான அரேகா!

'அரேகா' என்ற சொல்லே நம் பக்கத்துச் சரக்கு. பாக்குக்குத் தமிழில் அடைக்காய் என்று ஒரு பழைய பெயர் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் கோயில் படையலாக 'அடைக்காயமுது' வரும். மலையாளத்தில் அது அடக்க. 16ஆம் நூற்றாண்டில் மலபார் கரைக்கு வந்த போர்த்துகீசியர் வாயில் அது 'அரேகா' ஆனது. 1753இல் லின்னேயஸ் பாக்கு மரத்துக்கு 'அரேகா கேட்டச்சு' என்று அறிவியல் பெயர் வைத்தார். அதன் பிறகு நெருங்கிய உறவில்லாத பல மரங்களையும் அரேகா என்ற அதே பையில் போட்டார்கள். மடகாஸ்கரிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போன நம் தொட்டிச் செடியும் அப்படித்தான் 'அரேகா லுடெசென்ஸ்' ஆனது. லுடெசென்ஸ் என்றால் மஞ்சளாகிற என்று பொருள்.

இதைப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மனியின் ஹனோவர் அரச தோட்டத்தில் இருந்த ஹெர்மன் வெண்ட்லாண்ட். அப்பா, தாத்தா எல்லோருமே அதே தோட்டத்துக்காரர்கள். 1878இல் அவர் இதற்கு 'கிரைசாலிடோகார்பஸ் லுடெசென்ஸ்' என்று பெயரிட்டார். 1995இல் 'மடகாஸ்கரின் பனைகள்' என்ற பெரிய நூலில் டிரான்ஸ்ஃபீல்ட், பெய்ன்ட்ஜே இருவரும் இதை 'டிப்சிஸ்' என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். 2022இல் மரபணு ஆய்வு டிப்சிஸை மறுபடி பிரித்தது. 27 வருஷம் கழித்து வெண்ட்லாண்ட் வைத்த பழைய பெயரே திரும்பி வந்தது.

இவ்வளவு நடந்தும் கடைப் பலகையில் மட்டும் 'அரேகா' மாறவில்லை. காமர்ஸ் மாணவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் பெயரை எந்த வியாபாரியும் கைவிட மாட்டார். லார்ட் ஹோவ் தீவிலிருந்து வந்த இன்னொரு அலங்காரப் பனையை 1877இலேயே பெக்காரி 'ஹோவியா' என்று மாற்றிவிட்டார். சந்தையில் அது இன்றும் 'கென்டியா பாம்' தான்.

சரி, பேரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. 'அரேகா' என்றதும் இது ஏதோ நம் பாக்கின் சொந்தக்காரன் என்று தோன்றுகிறது. மடகாஸ்கர் யாருக்கும் நினைவு வருவதில்லை. அங்கே, கிழக்குக் கரையோரக் காடுகளில்தான் இது இயற்கையாக வளர்கிறது. அந்தக் காடுகள் சுருங்கிவருவதால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்று பதிவாகியிருக்கிறது. நம் தொட்டிக்கு வருவது நர்சரியில் வளர்த்தது, வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஹோட்டல் வரவேற்பறை, வங்கி, கல்யாண மண்டபம் என்று எங்கே பார்த்தாலும் நிற்கிற ஒரு செடி, சொந்தக் காட்டில் குறைந்துவருகிறது என்று அந்தப் பெயர் பலகையைப் பார்த்து யாருக்கும் தெரியப்போவதில்லை.

அடுத்த முறை யாராவது "அழகா இருக்கே, என்ன செடி?" என்று கேட்டால், அரேகா என்றே சொல்லுங்கள், அதுதான் புரியும். கூடவே "ஊர் மடகாஸ்கர்" என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.