புதுச்சேரியின் மீட்டர் கேஜ்: அளவில் மிஞ்சிய வரலாறு

புதுச்சேரியின் பழமையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களும் மஞ்சள் சுவர்களும் தமிழ்ப் பகுதியின் தாழ்வாரத் திண்ணைகளுமே முன்னால் வந்து நிற்கும். அவற்றைக் காப்பாற்றப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் 1879-இல் விழுப்புரத்திலிருந்து இந்த ஊருக்குள் வந்த ரயில் பாதையை யாரும் பாரம்பரியக் கணக்கில் சேர்ப்பதில்லை. சுமார் 38 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கிளைப்பாதை நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டர் கேஜாக இருந்தது. பிறகு அகலப்பாதையானது. நிலையம் அதே இடத்தில் இருக்கிறது, வில்லியனூரும் வளவனூரும் சின்னபாபுசமுத்திரமும் இருக்கின்றன. போனது தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த ஒரு மீட்டர் இடைவெளி மட்டும்தான் என்று தோன்றும். அந்த இடைவெளியோடு ஒரு முழு ரயில்வேயே போய்விட்டது என்பதும், அதை இனி உருவத்தோடு மீட்க நமக்கிருக்கும் நம்பகமான வழிகளில் ஒன்று அளவு பிசகாத மாதிரி ரயில் என்பதும் என் கருத்து. மாதிரி ரயிலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், வரலாற்றைச் சோதித்துப் பார்க்கும் கருவியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த ஒரு மீட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். டல்ஹௌசி காலத்தில் இந்திய ரயில்வேக்கு ஐந்தடி ஆறங்குல அகலம் தீர்மானிக்கப்பட்டது. செலவு மலைக்கவைத்தது. 1869-இல் வைஸ்ராயாக வந்த மேயோ பிரபு, போக்குவரத்து குறைந்த பகுதிகளுக்குக் குறுகலான, மலிவான பாதை வேண்டும் என்று நின்றார். மூன்றடி மூன்றங்குலமா, மூன்றடி ஆறங்குலமா என்று விவாதம் நடந்தது. அதே சமயத்தில் மெட்ரிக் அளவுமுறையை இந்தியாவுக்குக் கொண்டுவரும் சட்டமும் தயாராகிக்கொண்டிருந்ததால் சரியாக ஒரு மீட்டர் என்று முடிவானது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. நம் கடைகளில் கிலோவும் மீட்டரும் புழங்கத் தொடங்கியது 1958-க்குப் பிறகுதான். ஆனால் ரயில் பாதையின் அகலம் மட்டும் மீட்டராகவே நிலைத்துவிட்டது. பிரான்சில் பிறந்த அளவு, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் பாரிசிலிருந்து வரவில்லை. கல்கத்தாவின் சிக்கனக் கணக்கிலிருந்து, தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தண்டவாளங்கள் மேல் வந்தது. இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்களே மீட்டர் கேஜ் போட்டார்கள். புதுச்சேரியிலோ ஓடிய வண்டிகள் எல்லாம் பிரிட்டிஷ் இந்தியாவின் வண்டிகள்.

அகலம் வேறாக இருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று கேட்கலாம். பக்கத்திலேயே பதில் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1861-62-இல் போடப்பட்ட அகலப்பாதை 1875-இல் மீட்டர் கேஜாக மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் தஞ்சைப் பக்கம் இறங்கிய பெரும்பாதையும் மீட்டர் கேஜே. ஆக, விழுப்புரத்தில் வந்து சேரும் கிளைப்பாதைக்கு வேறு அகலம் இருந்திருந்தால் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். தென்னார்க்காட்டின் மணிலாக் கொட்டை மூட்டைகள் கப்பலேறி மார்செய்லுக்குப் போவதற்குப் புதுச்சேரி முக்கியத் துறைமுகமாக விளங்கியது. ஊருக்குள் சவானா, ரோடியர், கெப்ளே ஆலைகள் இருந்தன. எல்லையில் சுங்கச் சோதனை உண்டு. ஆட்சி வேறு, சட்டம் வேறு. இத்தனை வேறுபாட்டுக்கும் நடுவே சரக்குப் பெட்டி மட்டும் தடையில்லாமல் எல்லையைக் கடந்தது, சக்கரங்களின் இடைவெளி ஒன்றாக இருந்ததால். 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறுவதற்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே தண்டவாள அளவில் புதுச்சேரி தென்னார்க்காட்டோடு சேர்ந்துவிட்டது. 1898-இல் பேரளம்–காரைக்கால் பாதை வந்தபோதும் இதே அகலம்தான்.

1992-இல் ஒரே அகலத் திட்டம் தொடங்கியபோது மீட்டர் கேஜின் நாட்கள் எண்ணப்பட்டன. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. புதுச்சேரியிலிருந்து தில்லிக்கும் புவனேஸ்வருக்கும் நேரே வண்டி ஏற முடிவது அதனால்தான். ஆனால் மீட்டர் கேஜ் பின்தங்கிய பாதை என்று நினைத்தால் தவறு. சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. 1960-களில் மின்மயம் விழுப்புரம் வரை நீண்டது. ஜப்பானிலிருந்து வந்த ஒய்.ஏ.எம்.1 மின் என்ஜின்கள் அதில் ஓடின. விழுப்புரம் லோகோ ஷெட்டிலோ ஒய்.பி., ஒய்.ஜி. நீராவி என்ஜின்கள் நின்றன. மின்சாரமும் நீராவியும் டீசலும் ஒரே சந்திப்பில் மீட்டர் கேஜில் ஓடின. சென்னையின் கடைசி மீட்டர் கேஜ் மின்ரயில் 2004 ஜூலை முதல் தேதி நின்றது.

மீட்டர் கேஜ்தான் நீலகிரியில் இன்னும் ஓடுகிறதே, பெரம்பூர் ஐ.சி.எப். வளாகத்து ரயில் அருங்காட்சியகத்தில் பழைய என்ஜின்கள் இருக்கின்றனவே என்று ஒரு மறுப்பு வரும். நீலகிரி பாதை அருமையானது. அதன் என்ஜின்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றியதும், 2011 முதல் புதிய நீராவி என்ஜின்களையே கட்டியதும் பொன்மலைப் பணிமனையின் பெருமை. ஆனால் அது பல்சக்கரம் பிடித்து மலையேறும் ரயில். சமவெளியில் பதினைந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடிய மீட்டர் கேஜை அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. மேடைமேல் நிற்கும் என்ஜினும் தன்னளவில் ஒரு பொருள்தான். அதற்குக் கீழே இருந்த பாதை, அது தடம் மாறிய பாயிண்ட், தண்ணீர் பிடித்த இடம், நிலையத்து யார்டு எதுவும் அதோடு நிற்பதில்லை. ரயில்வே என்பது இவற்றுக்கு இடையிலான உறவு. அந்த உறவை முழு அளவில் காக்க நிலமும் பணமும் எந்த ஊரிலும் இல்லை. சிறிதாக்கிக் காக்கலாம், அளவு பிசகாமல் சிறிதாக்கினால்.

இங்கேதான் கடையில் வாங்கும் மாதிரி ரயிலுக்கும் நான் சொல்வதற்கும் வேறுபாடு. இங்கிலாந்தில் மிகப் பரவலான மாதிரி வகையில் ஓரடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்ற கணக்கில் என்ஜின் செய்வார்கள், தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர் அகலம். அது வேறொரு சிறிய அளவுக்கு உரிய தண்டவாளம். அன்றைய மோட்டார் சிறிய பிரிட்டிஷ் என்ஜின் கூட்டுக்குள் அடங்காததால் மேலே உள்ளதைப் பெரிதாக்கினார்கள், கீழே உள்ளதை அப்படியே விட்டார்கள். சரியான அகலம் 18.83 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு, சக்கர விளிம்பையும் பாயிண்ட் இடுக்கையும் அதே விகிதத்துக்குக் கொண்டுவந்த குழு 1960-களில் இங்கிலாந்தில் எழுந்தது. இரண்டு மில்லிமீட்டருக்காக இவ்வளவு பாடா என்று அன்றும் கேட்டார்கள். நம் மீட்டர் கேஜில் இதற்குப் பதில் பளிச்சென்று தெரிகிறது. மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் 2.74 மீட்டர், தண்டவாள இடைவெளியைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. அகலப்பாதைப் பெட்டியோ சுமார் 3.25 மீட்டர், அதன் 1.676 மீட்டர் இடைவெளிக்கு இரண்டு மடங்குகூட இல்லை. ஒடுக்கமான பாதைமேல் இருபுறமும் பிதுங்கி நிற்கும் உடல்தான் மீட்டர் கேஜின் முகம். வண்டி லேசாக ஆடிக்கொண்டே போவதும் அதனால்தான். இதை 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஏற்றினால் பாதை 1.26 மீட்டராகிவிடும். பெட்டியின் நிறமும் எழுத்தும் எவ்வளவு சரியாக இருந்தாலும் நிற்பது நம் வண்டி அல்ல.

நான்கு மில்லிமீட்டர் கணக்கில் மீட்டர் கேஜின் சரியான அகலம் 13.1 மில்லிமீட்டர். இந்த அகலத்தில் தண்டவாளம் கடையில் வாங்கக் கிடைக்காது, கையால்தான் போடவேண்டும். போடுகிறவர் அப்போது வரலாற்றாசிரியர் ஆகிறார். தண்டவாளத்தைத் தாங்கும் மர ஸ்லீப்பர் என்றால் ஆறடி நீளம், எட்டங்குல அகலம். மாதிரியில் 24 மில்லிமீட்டருக்கு 2.7. ஆனால் எல்லா இடத்திலும் மரம் இல்லை. சி.எஸ்.டி.9 என்ற வார்ப்பிரும்பு ஸ்லீப்பர் இந்தியப் பாதைகளில் ஏராளம்: ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் அடியில் தனித்தனி இரும்புத் தட்டு, இரண்டையும் இணைக்கும் ஒரு பட்டை, நடுவே வெறும் ஜல்லி. தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் சாவியைக் கேங்மேன் சுத்தியால் அடித்து ஏற்றுவார். ஐரோப்பியக் கம்பெனியின் தண்டவாளத்தை வாங்கி ஒட்டுகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. கையால் போடுகிறவர் எந்த ஆண்டு, எந்த யார்டு, எந்த ஸ்லீப்பர் என்று கேட்டே தீரவேண்டும். விடை தெரியாமல் அடுத்த அங்குலம் நகராது. பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் மீட்டர் கேஜ் மாதிரிகளுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தயாராகக் கிடைக்கிறது, 87-இல் ஒரு பங்கு கணக்குக்கு அது ஏறக்குறைய பொருந்தும் என்பது உண்மை. தொடங்குகிறவருக்கு அது போதும் என்று நானும் சொல்வேன். ஆவணமாக நிற்கவேண்டிய மாதிரிக்கு, ஆல்ப்ஸ் மலைப் பாதையின் ஸ்லீப்பர்மேல் வில்லியனூரை நிறுத்துவது ஒத்துவராது.

என்ஜின் விஷயம் இன்னும் சுவையானது. ஒய்.பி. என்ஜினைச் சரியான அளவில் செய்ய நினைப்பவர் பெரும்பாலும் வேறொரு மாதிரி என்ஜினின் மோட்டாரையும் பல்சக்கரங்களையும் எடுத்து மாற்றியமைக்கிறார். ஒய்.பி.யின் இயக்குசக்கரம் நாலரை அடி. மாதிரியில் 18 மில்லிமீட்டர். அசல் மீட்டர் கேஜில் இரு சக்கரங்களின் உட்புற இடைவெளி 930 மில்லிமீட்டர், மாதிரியில் 12.2. தண்டவாள இடைவெளிக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் இரண்டு சக்கர விளிம்புகளும் ஆட்டத்துக்கான இடமும் அடங்கவேண்டும். ஐரோப்பிய என்ஜினின் முன்னால் இருக்கும் இரட்டை பஃபரை எடுத்துவிட்டு, மீட்டர் கேஜுக்கே உரிய ஒற்றை நடு பஃபர் இணைப்பை வைக்கவேண்டும். பிறகு சோதனை. முதலில் ஒரு சரக்குப் பெட்டியைக் கையால் மெல்லத் தள்ளிப் பாயிண்ட்டைக் கடக்கவிடுவார்கள். பிறகு என்ஜினை ஊர்ந்து போகும் வேகத்தில். விளிம்பு மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் உயரம் இருந்தால், தண்டவாளத்தில் ஒரு சிறு மேடு பள்ளம்கூடச் சக்கரத்தைக் கீழே இறக்கிவிடும். அதற்கு மருந்து அசல் என்ஜின் கட்டியவர்கள் கண்டதுதான்: எல்லாச் சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தைத் தொடும்படி ஸ்பிரிங்கும் சமன்செய்யும் நெம்புகோலும். பொம்மை என்ஜினுக்கு இது வேண்டியதில்லை, அதன் விளிம்பு தடிமனானது. அளவு சரியானவுடன் அசலின் பிரச்சினையும் அசலின் தீர்வும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. லேசான தண்டவாளத்தில், ஒடுக்கமான பாதையில் அந்த என்ஜின்கள் ஏன் அப்படிக் கட்டப்பட்டன என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. கட்டி ஓட்டித் தெரிந்துகொள்வது இன்னொன்று.

பெரியவர்களின் பொம்மை விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய பெயரா என்பது கடைசி மறுப்பு. புகைப்படம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, போதாதா என்பதும் அதோடு சேர்ந்தது. புகைப்படம் ஒரு பக்கத்தைக் காட்டும், ஒரு நொடியைக் காட்டும். வரைபடம் கட்டத் திட்டமிட்டதைச் சொல்லும். உள்ளபடி கட்டியதை எப்போதும் சொல்லாது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் இடத்தில் எழுத்தில் எழுதுகிறவர் மழுப்பிவிட்டுப் போகலாம். மாதிரி கட்டுகிறவருக்கு அந்த வசதி இல்லை: யார்டின் வளைவு தவறாகக் கணிக்கப்பட்டிருந்தால் என்ஜின் திரும்பாது, பாயிண்ட் தவறான இடத்தில் இருந்தால் என்ஜினை வண்டியின் மறுமுனைக்குக் கொண்டுபோக முடியாது. தவறு செய்தால் தடம் புரளும் வரலாறு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதனாலேயே இதன்மேல் எனக்கு மதிப்பு. பொம்மையாக இருக்கும்வரை இந்தக் கண்டிப்பு கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அகலம் தவறிய மாதிரி, எவ்வளவு அழகாக இருந்தாலும், சாட்சி ஆகாது.

புதுச்சேரியில் இதற்கு இடம் இருக்கிறது. பழைய புகைப்படங்களைத் தொகுத்துக் காக்கும் பழக்கம் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு உண்டு, அருங்காட்சியகம் உண்டு, எந்திரப் படிப்புக் கல்லூரிகள் உண்டு. இன்னும் முக்கியமாக, விழுப்புரம் ஷெட்டிலும் புதுச்சேரி நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டிரைவர்கள், ஃபயர்மேன்கள், பாயிண்ட்ஸ்மேன்கள், கேங்மேன்கள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். யார்டில் எத்தனை லைன், எந்தப் பாயிண்ட் எந்தப் பக்கம் திறந்தது, எங்கே மர ஸ்லீப்பர், எங்கே இரும்பு என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. வீட்டில் பழைய யார்டு படமோ, பணி நேர அட்டவணையோ, நிலையத்தின் முன் எடுத்த குடும்பப் புகைப்படமோ வைத்திருப்பவர்கள் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து ஆண்டையும் இடத்தையும் பின்னால் எழுதிவையுங்கள். அந்த முதியவர்களிடம் இந்த ஆண்டே போய்க் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.