பழம்பற்றும் விசுவாசமும்: யாழ்ப்பாணத்துச் சபையார் 1947இல் கொண்ட முடிவு

வட்டுக்கோட்டையிலே யாழ்ப்பாணக் கல்லூரியை அடுத்துப் பழையதொரு கோயில் நிற்கின்றது. போர்த்துக்கேயர் காலத்தில் அவ்வூரிலே கத்தோலிக்கக் கோயில் இருந்தது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658ஆம் ஆண்டுக்குப் பின்னர் அது அவர்தம் சீர்திருத்தச் சபைக்கு உரியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கூரையிழந்து பாழாய்க் கிடந்த அதனை அமெரிக்க மிசனரிமார் பெற்றுப் புதுக்கினர். 1947ஆம் ஆண்டிலே அதுவே பேராலயம் ஆயிற்று. ஒரு கோயில் நான்கு முறை கைம்மாறிய கதையினுள்ளே, ஒரு சமுதாயம் தான் நேசித்த பழமையினும் தான் நம்பிய பொருளே பெரிதெனத் தெளிந்த வரலாறும் அடங்கியிருக்கின்றது.

அவ்வரலாற்றை அறிய ஒல்லாந்தர் காலத்திலிருந்து தொடங்குதல் பொருந்தும். அவர்தம் ஆட்சியிலே அரசாங்க உத்தியோகம் பெற விரும்பியவன் ஞானஸ்நானம் பெற்றவனாயிருத்தல் வேண்டும். அதனால் ஊர்தோறும் கோயிலும் பள்ளியும் எழுந்தன. இடாப்புகளிலே கிறிஸ்தவர் தொகை பல்லாயிரமாய்ப் பெருகிற்று. 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலே போதகராயிருந்த பிலிப்பு பால்தேயு 1672இல் வெளியிட்ட நூலிலே இக்கோயில்களை விரிவாக வருணித்துள்ளார். ஆயின் 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். உத்தியோகத்துக்கும் மதத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. ஒரு தலைமுறைக்குள் அக்கோயில்கள் வெறுமையாயின. சட்டத்தாலும் வழக்கத்தாலும் மாத்திரம் நின்ற சமயம், அவை நீங்கியவுடன் தானும் நீங்கிற்று. பின்வந்தோர் அந்தப் பாழ்ங்கோயில்களின் நடுவே வாழ்ந்தவர்கள். அப்பாடத்தை அவர்கள் மறந்திருக்க முடியாது.

1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூவர் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெய்க்ஸ் என்பார் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். அவர்களை அனுப்பிய சங்கம் 1810இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே தோன்றியது. அச்சங்கத்தாருட் பெரும்பாலோர் 'சபையாட்சி' முறையினைச் சேர்ந்தவர்கள். 1620இல் இங்கிலாந்தின் அரச சபையைவிட்டு நீங்கிக் கடல் கடந்து அமெரிக்கக் கரையை அடைந்த யாத்திரிகர்களை அவர்கள் தம் முன்னோராகப் போற்றினர். அம்முன்னோருக்குப் 'பேராயர்' என்ற சொல் ஒடுக்குமுறையின் பெயராய் ஒலித்தது. ஆதலின் அவர்தம் வழியில் பேராயர் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தெரிந்துகொள்ளும். தன் காரியங்களைத் தானே தீர்மானிக்கும். வழிபாடு எளிமையாய் நடைபெறும். அச்சிட்ட மன்றாட்டுக்களினும் போதகரின் உள்ளத்தெழுந்த செபமே மேலாகக் கருதப்படும்.

இம்முறை யாழ்ப்பாண மண்ணிலே நன்கு வேரூன்றிற்று. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியும், 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் எழுந்தன. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை வெளிவந்தது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயை நிலைக்களமாக்கி மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மிசனரிமார் ஆராய்ந்தே ஒருவரைச் சபையிற் சேர்த்தனர். அதனாற் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் சபையார் தொகை சில நூறுகளாகவே இருந்தது. தொகை சிறிதாயினும் பிணைப்பு உறுதியானது. பாட்டன் ஞானஸ்நானம் பெற்ற தொட்டியிலே பேரனும் பெற்றான். செமினறியிற் படித்தவர் மகன் யாழ்ப்பாணக் கல்லூரியிற் படித்தான். 'அமெரிக்க மிசன்' என்பது நாளடைவிலே ஒரு சமயப் பிரிவின் பெயராய் மாத்திரம் அமையாது, குடும்பப் பெயர் போலவும் ஊர்ப்பெருமை போலவும் ஆயிற்று.

இப்பிணைப்பிலே நன்மையும் உண்டு, இடரும் உண்டு. குடாநாட்டிலே மெதடிஸ்த மிசனார் 1814 முதலும், ஆங்கிலிக்கத் திருச்சபைச் சங்கத்தார் 1818 முதலும் பணியாற்றினர். மூவரும் ஊர்களைப் பிரித்துக்கொண்டு ஒருவர் எல்லையில் ஒருவர் புகாது ஒழுகினர். ஏற்பாடு அமைதியானதே. ஆயினும் ஒருவன் எக்கொள்கையைச் சேர்ந்த கிறிஸ்தவன் என்பதை அவன் ஆய்ந்து தெளிந்த உண்மை தீர்மானிக்கவில்லை; அவன் பிறந்த ஊரே தீர்மானித்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மூண்ட பழைய வழக்குகளுக்குச் சுன்னாகத்தானும் பருத்தித்துறையானும் வாரிசுகளாயினர்.

இந்நிலையின் பொருந்தாமையைத் தமிழகத்துக் கிறிஸ்தவரும் உணர்ந்திருந்தனர். 1908இல் சபையாட்சி முறையினரும் பிரஸ்பிற்றேரிய முறையினரும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையை அமைத்தபோது, யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் சபைகளும் அதிற் சேர்ந்தன. 1919 மே மாதத்திலே தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் கூடிற்று. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் அது. தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஐக்கிய சபையைச் சேர்ந்த சந்தியாகு முதலிய முப்பத்து மூவர் அங்கே கூடி, பிரிவினைகளைத் தாம் உண்டாக்கவில்லை என்றும், அவை வெளியிலிருந்து தம்மேற் சுமத்தப்பட்டவை என்றும் அறிக்கை செய்தனர். பிரிவு இரண்டாய் நிற்குங்கால் இந்திய மக்களுக்கு நற்செய்தி கூறுதல் எங்ஙனம் என்பதே அவர்கள் உள்ளத்தை வருத்திய வினா.

பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. முட்டுக்கட்டை பேராயர் பதவியே. ஆங்கிலிக்கர் அப்பதவி திருத்தூதர் காலந்தொட்டு வரும் தொடர்ச்சி என்றனர். அதனை விட இயலாதென்றனர். ஐக்கிய சபையாரோ, போதகரல்லாதாரும் திருவிருந்து நடத்த இடமளிக்க வேண்டுமென வாதாடினர். இங்கிலாந்திலும் எதிர்ப்பு எழுந்தது. புகழ்பெற்ற கவிஞர் தி. எஸ். எலியட்டே 1943இல் இவ்விணைப்பைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதினார். ஈற்றிலே இருசாராரும் விட்டுக்கொடுத்தனர். ஐக்கிய சபையார் பேராயர் பதவியை ஏற்றனர். அப்பதவி யாப்புக்கு உட்பட்டது. பேராயர் தெரிவிலே சபையாருக்கும் பங்குண்டு. முன்பே குருப்பட்டம் பெற்ற எவரும் மீண்டும் பட்டம் பெற வேண்டியதில்லை என்பதை ஆங்கிலிக்கர் ஏற்றனர். எந்தச் சபையின் மீதும் அதற்குப் பழக்கமில்லாத வழிபாட்டு முறை வலிந்து திணிக்கப்படமாட்டாது என்ற உறுதியும் அளிக்கப்பட்டது. 1946இல் ஐக்கிய சபையின் பொதுப்பேரவை இசைவு தெரிவித்தது.

யாழ்ப்பாணத்தாருக்கோ இம்முடிவு ஏனையோருக்கு இருந்ததினும் கடினமாயிருந்தது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் இணைந்தவர் அண்டையிலிருந்த ஆங்கிலிக்கரோடும் மெதடிஸ்தரோடும் இணைந்தனர். இழந்ததற்கு ஈடாய் அடுத்த தெருவிலே உடன்பிறப்பைப் பெற்றனர். யாழ்ப்பாணத்திலோ ஆங்கிலிக்கர் கொழும்பு ஆதீனத்தைச் சேர்ந்தவர். மெதடிஸ்தர் இலங்கைச் சபையைச் சேர்ந்தவர். இருவரும் தென்னிந்திய இணைப்பிலே பங்குகொள்ளவில்லை. ஆகவே வட்டுக்கோட்டைச் சபையார் பேராயர் பதவியை ஏற்றும் நல்லூர் ஆங்கிலிக்கரோடு ஒரே சபையாராகவில்லை. கடல் கடந்து சென்னையில் இருந்தவரோடு ஒரே சபையாராயினர். அதுவும் இந்தியா சுதந்திரம் பெற்றுச் சில வாரங்களும், இலங்கை சுதந்திரம் பெறச் சில மாதங்களுமே இருந்த வேளை. இரு நாடுகளும் தனித்தனி வழி செல்லும்போது கடலுக்கு அப்பாலுள்ள சபையோடு பிணைந்துகொள்ளுதல் உலக நியாயத்துக்குப் பொருந்துவதாய்த் தோன்றவில்லை. கண்ணெதிரே கிடைக்கும் பயன் சிறிது. விடவேண்டிய பழமை பெரிது. அந்த நிலையிலேதான் தேர்வின் தன்மை தெளிவாகின்றது.

1947 செப்டெம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜோர்ஜ் பேராலயத்திலே தென்னிந்தியத் திருச்சபை தொடக்கம் பெற்றது. முதலில் அமைந்த பதினான்கு ஆதீனங்களுள் இந்தியாவுக்கு வெளியே அமைந்தது யாழ்ப்பாணம் ஒன்றே. அவ்வாண்டிலே யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயரானவர் சபாபதி குலேந்திரன். தில்லைக்கூத்தனுக்குரிய 'சபாபதி' என்ற திருநாமம் கிறிஸ்தவப் பேராயர் ஒருவரின் பெயரிலே விளங்கியமை யாழ்ப்பாணத்துக்கே உரிய அழகு. அவர் 1970 வரை அப்பணியாற்றினார். இந்து சமயத்திலும் கிறிஸ்தவத்திலும் அருள் என்னும் கருத்தை ஒப்புநோக்கி 1964இல் ஒரு நூலும், தமிழ் வேதாகமத்தின் வரலாறு பற்றி 1967இல் ஒரு நூலும் வெளியிட்டார். பேராயர் பதவிக்கு அஞ்சிய மரபிலே வந்த சபை, அப்பதவியிலே ஆட்சியாளரைக் காணவில்லை. அறிஞரையும் மேய்ப்பரையும் கண்டது.

பழமையை விட்டவர்கள் அதனை இகழ்ந்தார்களா எனின், இல்லை. கல்லூரிகளும் வைத்தியசாலைகளும் நிலைத்தன. எளிய வழிபாடும் தமிழ்க் கீர்த்தனைகளும் நிலைத்தன. மறுபுறத்தே பழைய உறவை விட மனமில்லாதவர்களையும் குறைகூறுதல் தகாது. ஆந்திர நாட்டு நந்தியாலிலே ஆங்கிலிக்கர் பலர் 1947இல் இணைய மறுத்து, 1975 வரை தனித்து நின்றனர். அவர்களுக்கும் மனச்சாட்சி இருந்தது. பழமைப்பற்று தீதன்று, மூதாதையரின் விசுவாசத்துக்கு அது நன்றிக்கடன். ஆயின் மூதாதையர் எதற்காகக் கடல் கடந்தனர் என்பதை மறந்து, அவர்கள் கட்டிய சுவரை மாத்திரம் காத்தல் நன்றியாகாது. மசச்சூசெற்ஸ் யாத்திரிகர்கள் தம் காலத்திலே பழமையைத் துறந்தவர்கள் அல்லரோ? அவர்கள் பெயரால் மாற்றத்தை மறுப்பது அவர்களையே மறுப்பதாகும்.

யாழ்ப்பாணத்துச் சபையார் எதிர்பார்த்த யாவும் நிறைவேறின என்று கூறுதற்கில்லை. இலங்கையின் சபைகளை ஒன்றாக்கும் முயற்சி 1940களிலே தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்தும், 1970களிலே கைகூடாது நின்றது. அண்டை வீட்டாரோடு ஒரே திருச்சபையாகும் நாள் வரவில்லை. பின்னர் போர் வந்தது. 1995 அக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களையும் கோயில்களையும் விட்டு நடந்தனர். அவர்களோடு சென்ற கிறிஸ்தவ மக்களுக்கும் பாட்டன் கட்டிய கோயிலைச் சுமந்து செல்ல இயலவில்லை. சுமக்கக் கூடியது செபமும் பாட்டும் ஒருவரை ஒருவர் தாங்கும் அன்புமே. ஒல்லாந்தர் காலத்துக் கோயில்கள் வெறுமையாகியமைக்குக் காரணம் கட்டடம் இன்மையன்று. கட்டடத்தினுள்ளே எடுத்துச் செல்லத்தக்கது ஒன்றும் இல்லாமையே. 1947ஆம் ஆண்டின் முடிவை மதிப்பிட விரும்புவோர் வட்டுக்கோட்டைக் கோயிலின் சுவர்களை நோக்குதல் போதாது. அச்சுவர்களை விட்டு நீங்கிய நாளிலும் கலையாதிருந்த சபையை நோக்குதல் வேண்டும்.