ஏழு பேர்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு தலைவலி எப்போதும் உண்டு. கதைக்கு எத்தனை பாத்திரங்கள் வேண்டும் என்பதுதான் அது. ஒருவர் கூடினால் கதை கனத்துப் போகும். ஒருவர் குறைந்தால் நகராது. இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு வீச்சு விமானப் படையினரும் இதே கணக்கைப் போட்டார்கள். அவர்களுக்குக் கனம் என்பது வெறும் உவமை அல்ல. விமானத்தில் ஓர் ஆள் கூடினால் குண்டிலோ பெட்ரோலிலோ அவ்வளவு குறைய வேண்டும்.

அமெரிக்கரின் பி-17 விமானத்தில் பத்துப் பேர். அது பகலில் பறந்தது. எதிரி எந்தப் பக்கமிருந்தும் வருவான். ஆகவே சுற்றிலும் துப்பாக்கிகள், அவற்றுக்கு ஆட்கள். இருட்டில் பறந்த பிரிட்டிஷ் லங்காஸ்டரில் ஏழே பேர்தான். முன்பெல்லாம் இரண்டாவது விமானி ஒருவர் உண்டு. 1942இல் அவரை இறக்கிவிட்டு, நான்கு எஞ்ஜின்களையும் பெட்ரோலையும் கவனிக்கும் எஞ்ஜினீயரை ஏற்றினார்கள்.

அந்த ஏழு பேரையும் பாருங்கள். விமானிதான் தலைவர், அவர் சாதாரண ஸார்ஜண்டாக இருந்தாலும், ஆகாயத்தில் அவர் சொல்லே சட்டம். பக்கத்தில் எஞ்ஜினீயர். பின்னால் திரை மறைவில், சிறு விளக்கொளியில், படத்தில் கோடு கிழித்து வழி சொல்பவர். அடுத்து ரேடியோக்காரர், வெப்பக் குழாய் அருகில் இருந்ததால் குளிரில் தப்பித்தவர் அவர் ஒருவரே. முதுகில் ஒரு துப்பாக்கிக்காரர், வாலில் ஒருவர். வாலில் இருப்பவருக்குப் பாரசூட்டைக் கூட வைத்துக்கொள்ள இடமில்லை. அது கூண்டுக்கு வெளியே தொங்கும். ஏழாமவர் மூக்கில் குப்புறப் படுத்துக் குறி பார்த்துக் குண்டு போடுபவர்.

இவர்களை யாரும் ஜாபிதா போட்டுச் சேர்க்கவில்லை என்பதுதான் விசித்திரம். பயிற்சி நிலையத்தில் ஒரு பெரிய கொட்டகையில் எல்லோரையும் விட்டு, "நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்" என்றார்கள். முகம் பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, உயிரை ஒப்படைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் ஐவர் இப்படிச் சேர, மற்ற இருவர் பிறகு வந்தார்கள். முப்பது முறை போய்த் திரும்பினால் ஓய்வு.

திரும்பியவர்கள் எத்தனை பேர்? பிரிட்டிஷ் குண்டு வீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். அவர்கள் போட்ட குண்டுகளால் 1943 ஜூலையில் ஹாம்பர்க் என்ற ஒரே நகரில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான ஜனங்கள் மடிந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பிற்காலத்தில் பெரிய பௌதிக மேதையான ஃப்ரீமன் டைஸன், அந்தப் படையின் தலைமையகத்தில் வாலிபராகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சுடப்பட்டு வீழ்ந்த ஹாலிபாக்ஸ் விமானத்திலிருந்து நான்கில் ஒருவர் தப்பினார்; லங்காஸ்டரிலிருந்து அவ்வளவு பேரும் இல்லை. ஏழு பேரில் சராசரி இருவர்கூடத் தேறவில்லை. ஏன்? குண்டு போடுபவர் படுத்திருக்கும் இடத்துக்கு அடியில்தான் தப்பும் கதவு. ஹாலிபாக்ஸில் அதன் அகலம் 24 அங்குலம், லங்காஸ்டரில் 22. தடித்த உடுப்பும் பாரசூட்டும் அணிந்தவன், சுழன்று விழும் விமானத்தில், இருட்டில் அதற்குள் நுழைய வேண்டும். டைஸனின் சகா ஒருவர் அதை அகலப்படுத்தச் சொல்லிப் போராடினார். அனுமதி கிடைத்து வேலை நடப்பதற்குள் யுத்தமே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

ஏறுவதற்கு எத்தனை பேர் என்று ராத்தல் கணக்கில் யோசித்தவர்கள், இறங்குவதற்கு இரண்டு அங்குலம் யோசிக்கவில்லை. எத்தனையோ தாய்மாருக்குத் தந்தி போனது அந்த இரண்டு அங்குலத்தால்தான்.